சுட்டவள் சாப்பிடாத அப்பம்

போன வாரம் உங்களை ஜெபப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஓடிவிட்டேன். கையில் சீட்டோடு நின்ற இந்த மார்லூசி அதைப் பெட்டிக்குள் போட்டாளா, மாட்டாளா என்று கேட்டு ஒன்பது பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். போட்டேன். சந்தேகம் வேறா?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. நான் ஜீன்ஸுக்குப் பை தைக்கிறவள். சாவ் பாவ்லோ நகரத்துக்கு வேலை தேடிப் போன என் புருஷன் பதினெட்டு வருஷமாய் இன்னும் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் ஜெனிவால் குடும்பம். அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று, புத்தி மட்டும் முழுசாக இருக்கிறது. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் அண்ணி சுலைடி. ஊரே அவளைப் புனிதவதி என்கிறது.

எங்கள் சபையில் எல்லோரும் இயேசுவை நினைத்து ஒரு துண்டு அப்பம் சாப்பிடுகிற கர்த்தருடைய பந்திக்கு மாதாமாதம் அப்பம் சுடுவதும் அண்ணிதான், பதினொரு வருஷமாய். அப்படிப்பட்டவள் போன மாதப் பந்தியில் தன் துண்டை வாயில் போடாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் சபையில் யாரும் எதையும் நேரே கேட்பதில்லை. ஜெபக் குறிப்பு எழுதுவோம். யார் வீட்டில் சண்டை, யார் மகன் குடிக்கிறான் என்பதெல்லாம் எங்கள் ஊரில் ஜெபக் குறிப்பாகத்தான் வீடு வீடாகப் போகும். நானும் எழுதினேன்: 'சபைக்கு அப்பம் சுடும் சகோதரி அப்பம் சாப்பிடுவதில்லை. அவருக்காக ஜெபிக்கவும். பெயர் வேண்டாம்.'

புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். நாற்பது பெண்கள் ஆமென் சொல்லிவிட்டு, ஒன்றாகத் திரும்பி, அண்ணி முன்பெல்லாம் உட்காரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அண்ணி வரவில்லை, அண்ணனை விட்டு அவளால் வர முடியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் சபையில் அப்பம் சுடுகிறவள் ஒரே ஒருத்தி.

இனி ஞாயிற்றுக்கிழமை. பந்தி நாள்.

காலை ஆறு மணிக்கே அண்ணி வீட்டுச் சமையலறையில் போய் நின்றேன். கோதுமை மாவு, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எண்ணெய். பந்தி அப்பத்தில் புளிப்புச் சேரக் கூடாது. அண்ணி மாவை அடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஏன், எப்படி இருக்கேன்?"

"இல்ல, கோதுமை ஒத்துக்கலையோன்னு..."

"நேத்து சாயங்காலம் என் வீட்டு கேக்கை மூணு துண்டு முழுங்கினது யாரு, நீயா நானா?"

"நான்தான்."

"அப்ப ஒத்துக்காதது உனக்குத்தான். தள்ளு, அடுப்பைப் பார்க்கணும்."

தள்ளி நின்று யோசித்தேன். சிகரெட்டா? வாடை வரவில்லை. மிருகத்தின் பேரில் காசு கட்டுகிற கள்ள லாட்டரியா? அதற்குத் தெருமுனை வரை போக வேண்டும், அவள் வாசல் தாண்டுவதே அபூர்வம். ஓர் ஆண்பிள்ளையா? அண்ணிக்கு ஐம்பத்து நாலு வயது, முழங்காலில் வலி. முழங்காலை நம்பி எதையும் அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது என்று நினைத்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் நினைப்பதை நிறுத்தவில்லை.

அப்போது என் தோளைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்தாள் எடிலேனி. அண்ணன் மகள், இருபத்திரண்டு வயது, தையல் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள்.

"அத்தை, அந்தச் சீட்டை எழுதினது யாரு?"

"எந்தச் சீட்டு?"

"நடிக்காத. நீ அந்தக் கூட்டத்துல இருந்தல்ல?"

"இருந்தேன். எனக்கெப்படித் தெரியும் யாரு எழுதினதுன்னு?"

"கண்டுபிடிச்சேன்னா, மெஷின்ல வச்சு ரெண்டு உதட்டையும் சேர்த்துத் தைச்சிருவேன், பார்த்துக்கோ." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வேலை செய்யற இடத்துல ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, உங்கம்மா என்ன பாவம் பண்ணிட்டாங்கன்னு. சபை மூப்பருங்க பேசிக்கறாங்களாம், அம்மாவை ஒழுங்குல வைக்கணும்னு."

ஒழுங்கில் வைப்பது என்றால் கடைசி பெஞ்சு. ஆறு மாதம், ஒரு வருஷம், அவர்கள் சொல்கிற வரைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். பாடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது, பந்தியில் கை நீட்டக் கூடாது. அப்பம் சுடுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"அப்பம் சுடறதையும் வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க," என்றாள் எடிலேனி. "அது ஒண்ணுதான் அத்தை அம்மாவுக்கு இருக்கு. மாசத்துல அந்த ஒரு காலைலதான் அவ மூஞ்சி மூஞ்சியா இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். உதடுகளை இறுக்க மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஆராதனை. பந்தி நாளில் எடிலேனி அப்பாவோடு வீட்டில் இருப்பாள். எழுந்து வர முடியாதவர்களுக்கு மதியம் மூன்று மணிக்குமேல் பாஸ்டரே வீடு தேடி அப்பம் கொண்டு வருவார், அப்போது அப்பாவும் மகளும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

நான் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் முழுக்கப் பெண்கள், எதிர்ப்பக்கம் ஆண்கள். அன்றைக்கு ஆண்கள்கூட எங்கள் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் முடியில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று காதில் கேட்டாள்.

"மாவு," என்றேன். அன்றைய இரண்டாவது பொய். ஆராதனை தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பாஸ்டர் அடெயில்டோ மேடையில் நின்று, தன்னைச் சோதித்தறிந்த பிறகே பந்தியில் கை வைக்க வேண்டும், தகுதியில்லாமல் வைக்கக் கூடாது என்பதை மாதாமாதம் வாசிப்பதுபோல் வாசித்தார். தட்டு வந்தது. நான் எடுத்தேன், சாப்பிட்டேன். அண்ணி எடுத்தாள். கை மடிக்குப் போனது, கைக்குட்டை மூடிக்கொண்டது. அவள் முகத்தில் திருட்டு முழி இல்லை. பசியோடு இருக்கிற பிள்ளை அடுத்த வீட்டுச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் அந்தத் தட்டு போகிற திசையைப் பார்த்தாள்.  இது சிகரெட் இல்லை, ஆண்பிள்ளையும் இல்லை, வேறு என்னவோ.

வெளியே வரும்போது பாஸ்டர் அண்ணியிடம் கைகுலுக்கி, "கர்த்தருடைய சமாதானம், சகோதரி. மூணு மணிக்கு வர்றேன். நீங்களும் வீட்ல இருங்க," என்றார்.

"நான் எங்க போகப் போறேன்?" என்றாள் அண்ணி.

மதியம் எடிலேனி பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். வாரத்தில் ஆறு நாள் என் வீட்டில் மெஷின் ஓடும், சுவர் இடிந்தாலும் கேட்காது. ஞாயிறு மதியம் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத் தூங்கிவிடுவேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. விசிறியை நிறுத்தினேன். கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் வைத்தேன், அதன்மேல் காதை வைத்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் வைத்திருப்பீர்கள்.

முதலில் கரண்டிச் சத்தம். பிறகு இருமல். பிறகு அண்ணியின் குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"துப்பு! இன்னும் துப்பு! மணிக்கணக்கா நின்னு மசிச்சுக் கொண்டு வந்தா துப்பறியா? சாகவும் மாட்டேங்கற, பேசவும் மாட்டேங்கற, என் உசிரை உறிஞ்சத்தான் கிடக்கறியா நீ?"

அதன் பின்னால் சப்பென்று ஓர் அடி. தட்டு சுவரில் மோதிய சத்தம். பின்கதவு.

முப்பது வருஷமாய் அண்ணனை வாங்க, போங்க என்று பேசியவள். தம்ளர் என் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

கொல்லை வழியாக ஓடினேன். அண்ணி தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, வலது கையை அதன் கீழே நீட்டியபடி நின்றாள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் எங்களுக்குத் தண்ணீர். அது பாட்டுக்கு வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"அடிச்சீங்களா?"

அவள் திரும்பவில்லை. "கையில. ஸ்பூனைத் தட்டிவிட்டாரு."

"எங்கண்ணனை!"

"உங்கண்ணனைத்தான். இந்த வீட்ல அடிக்க வேற யாரு இருக்கா?"

அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ள வேண்டும் என்று எனக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், கையைத் தூக்கியேவிட்டேன். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்து ஆற்றைக் கடத்திய அண்ணன் அவர். தூக்கிய கையோடு நின்றேன். அந்த நேரத்திலும் பாருங்கள், என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அந்த அப்பத்தை என்ன பண்றீங்க?"

அண்ணி இப்போது திரும்பினாள். "எந்த அப்பத்தை?"

"கைக்குட்டைல முடியறீங்களே. அதை."

 பிறகு குழாயை மூடினாள்.

"காப்பில ஊறவச்சு அவருக்கு ஊட்டிருவேன். அது என் பங்கு. படுத்த இடத்துல அவரு என்ன பாவம் பண்ணப்போறாரு? அவருக்கு ரெண்டு பங்கா போகட்டும்."

"எத்தனை நாளா?"

"இருபத்து மூணு பந்தி. இன்னிக்கோட." தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டி போட்டு, இனிமே கத்த மாட்டேன், கை நீட்ட மாட்டேன்னு சொல்றேன் மார்லூசி. நெஜமாத்தான் சொல்றேன். திங்கக்கிழமை குளிப்பாட்டி முடிக்கறதுக்குள்ள போயிடுது. ஒரு தடவை புதன்கிழமை வரைக்கும் தாங்குச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு. வியாழக்கிழமை தலகாணியைத் தூக்கி அவரு மூஞ்சில எறிஞ்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அது அடியைவிடச் சுருக்கென்றது. "ஊரு புனிதவதிங்குது. என் கை என்னென்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கையால மாவு பிசையலாம். சாப்பிடக் கூடாது. தகுதியில்லாம கை வைக்காதேன்னு மாசாமாசம் வாசிக்கிறாங்களே, உனக்குக் கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன். அது மற்றவர்களுக்காக வாசிப்பது என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போய் அண்ணனைப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டில் லேசாகச் சிவந்திருந்தது. சட்டை முழுக்கப் பீன்ஸும் சோறும். துடைத்தேன். அவர் கண் என்னைத் தாண்டி வாசலில் நின்ற அண்ணியிடம் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்று மணிக்குப் பாஸ்டரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கூடவே எடிலேனியும் வந்துசேர்ந்தாள். அடெயில்டோவுக்கு முப்பத்து மூன்று வயது. வாரநாட்களில் தையல் மெஷின் பழுதுபார்ப்பார், அதனால் பந்தித் தட்டைத் தூக்கும்போதும் நகத்தில் கிரீஸ் இருக்கும். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னப் பெட்டியைத் திறந்து, அப்பத்தையும் திராட்சை ரசப் புட்டியையும் எடுத்து வைத்தார். ஜெபிப்பதற்கு முன் சட்டைப் பையில் கை விட்டார்.

"சகோதரி, புதன்கிழமை இதை வாசிச்சாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

அண்ணி சீட்டை வாங்கிப் படித்தாள்.

"எவளோ வேலையத்த கழுதை எழுதினது பாஸ்டர்," என்றாள் எடிலேனி.

"அந்தக் கழுதை நான்தான்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தொட்டியருகே அவ்வளவையும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. எடிலேனி என்னைப் பார்த்த பார்வையில் உதடு இரண்டும் எரிந்தன.

அண்ணி சீட்டை மறுபடி படித்தாள். "பெயர் வேண்டாம்னு வேற எழுதியிருக்க."

"எழுதினேன்."

"சபைல அப்பம் சுடறவ எத்தனை பேரு மார்லூசி?"

"அது அப்புறம்தான் உறைச்சுது அண்ணி."

அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். சிரித்த வாக்கில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், கத்தியது, அடித்தது, தலையணை, கைக்குட்டை, காப்பி, எல்லாம். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை.

"அம்மா," என்றாள் எடிலேனி. "அப்பாவையா?"

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். நெற்றியில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு அழகாப் பேச வராது. ஒண்ணு சொல்றேன். போன வெள்ளிக்கிழமை என் பையனை, ஏழு வயசு, கடைல எல்லாரும் பார்க்க முட்டாள்னு திட்டினேன். இன்னும் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறான். அதோடதான் இன்னிக்குக் காலைல மேடை ஏறினேன். அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், கேட்டுட்டுத்தான் ஏறினேன். ஆனா கடவுள் முன்னாடி நீதிமான்ங்கற பேரு நான் சம்பாதிச்சதா இருந்தா, வெள்ளிக்கிழமையே போயிருக்கும். அது இயேசு சிலுவைல சம்பாதிச்சுக் குடுத்தது. நான் விழும்போதெல்லாம் அவரு அதைத் திரும்ப வாங்கிக்கறதில்ல. உங்களுக்கும் அதேதான்."

"நல்லா இருக்கே கதை!" எடிலேனி எழுந்துவிட்டாள். "அப்ப அம்மா தினம் அப்பாவை அடிக்கலாம், மாசத்துக்கு ஒருக்கா அப்பம் தின்னா சரியாப் போச்சு, இல்ல?"

பாஸ்டர் முகம் சிவந்தது. "அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அடிச்சது பாவம். அதைச் சின்னதாக்க மாட்டேன். நாளைலேர்ந்து மதியச் சாப்பாட்டை உங்கம்மா தனியா ஊட்டக் கூடாது, உங்க அத்தை கூட இருக்கணும். லீவு நாள்ல நீ. ரெண்டு வருஷமா ஒரு ஆளு தலைல எல்லாத்தையும் வச்சுட்டுப் புனிதவதின்னு பேரு குடுத்தோமே, அதுல எனக்கும் பங்கு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா எடிலேனி, பந்திங்கறது நல்லா நடந்துக்கிட்டவங்களுக்குக் குடுக்கற பரிசு இல்ல. பசிச்சவங்களுக்குச் சாப்பாடு. உங்கம்மா இருபத்து மூணு மாசம் சாப்பிடாம இருந்தாங்களே, கத்தறது நின்னுச்சா?"



"நிக்கல," என்றாள் அண்ணி. "கூடத்தான் ஆச்சு."

"அப்புறம்?"

"ஆனா தகுதி பாஸ்டர்..."

"தகுதி இல்லைன்னு தெரிஞ்சவங்களுக்காகத்தான் அவரு வந்தாரு. எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு நிம்மதியா மெல்லறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு." அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

"கடவுள்கிட்ட எத்தனை தடவை மன்னிப்பு கேட்டீங்க சகோதரி?"

"அதுக்குக் கணக்கே இல்ல."

"இவர்கிட்ட?"

அண்ணி கட்டிலைப் பார்த்தாள். கேட்டதே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அவர்தான் பேசுவதில்லையே, அவரிடம் பேசுவது சுவரிடம் பேசுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது அவளுக்கு.

கட்டிலருகே போய் நின்றாள். "ஜெனிவால்," என்றாள். "உங்களை அடிச்சேன். நீங்க செத்துத் தொலையணும்னு சொன்னேன். மன்னிச்சுடுங்க."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.   அவருக்கும் கோபம் இருக்காதா? வலிக்காதா? படுத்துக் கிடக்கிறவர் என்றால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அண்ணி நகரவில்லை. சுவரைப் பார்த்திருந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாஸ்டர் மெதுவாக ஜெபித்தார். ஒரு துண்டு அப்பத்தைப் பிட்டு, அண்ணனின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

அண்ணன் சாப்பிடவில்லை. கையை மூடி வைத்துக்கொண்டார். பிறகு தலை திரும்பியது. கண் முழுக்க நீர். அந்தக் கை தடுமாறி மேலே எழும்பி அண்ணியிடம் வந்தது. முதலில் அவள் தாடையில் இடித்தது, அப்புறம் மூக்கில்.

"வேண்டாம், நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கெஞ்சல் இல்லை, அதட்டல். அப்பத்தை அவள் உதட்டில் வைத்து அழுத்தினார். இருபத்து மூன்று மாதமாய் இரண்டாவது துண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலா விழுங்கியிருப்பார்? அவருக்கு நாக்குத்தான் புரளவில்லை, ருசி தெரியாமல் போகவில்லை.

அண்ணி வாயைத் திறந்தாள். தன் கையால் சுட்ட அப்பத்தை இரண்டு வருஷம் கழித்துச் சாப்பிட்டாள். மென்றாள், மென்றாள், விழுங்க அவ்வளவு நேரமாயிற்று. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எடிலேனி என்னைத் திட்ட வேண்டியவள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் தன் வாயைப் பிளந்து பாஸ்டரைப் பார்த்தார். என் பங்கு எங்கே என்று கேட்கிறார். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பாஸ்டர் அவசரத்தில் பெட்டியைத் தட்டிவிட்டு, திராட்சை ரசத்தைத் தன் வெள்ளைச் சட்டையில் பாதி கொட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை மூப்பர் கூட்டம். சீட்டு எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டதால என்னால மூடி வைக்க முடியாது. ஆறு பேரு. எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க. நான் சொல்றதைச் சொல்லுவேன். கேப்பாங்களான்னு தெரியல."

"நானும் வர்றேன்," என்றேன்.

"பெண்களை உள்ள விடமாட்டாங்க."

"விடாட்டி வாசல்ல நின்னு கத்தறேன். எனக்குக் குரலா இல்ல?"

ஐந்து மணிக்குக் காப்பி. சோளமாவை ஆவியில் வேகவைத்த குஸ்குஸைப் பாலில் குழைத்து எடிலேனி கொண்டு வந்தாள். "நாளைலேர்ந்து நீங்க மாத்தி மாத்திக் குடுங்க. இன்னிக்கு நானே குடுக்கறேன்," என்று அண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். படுக்கைக்குப் புது விரிப்பு மாற்றியிருந்தாள். அவள் முகம் அப்படியிருந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஏதோ ராகம்கூட முனகினாள்.

நாலு வாய் நன்றாகப் போனது. கிண்ணத்தை எடிலேனியிடம் கொடுத்துவிட்டு, காப்பித் தம்ளரை வாயில் வைத்தபோது அண்ணனுக்குப் புரையேறியது. காப்பி அவ்வளவும் விரிப்பில், அண்ணி மார்பில், முகத்தில்.

"ஐயோ! இப்பத்தானே மாத்தினேன்! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

கை தோள் உயரத்துக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. எடிலேனி கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

அண்ணி தன் கையைப் பார்த்தாள். அதை இறக்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பார்த்தியா? பார்த்தியா மார்லூசி? அப்பம் தின்னு ரெண்டு மணி நேரம்கூட ஆகல. ரெண்டு மணி நேரம்!"

பின்கதவுப் பக்கம் திரும்பினாள். தொட்டிக்குத்தான் போகிறாள். போனால் மறுபடி குழாயைத் திறப்பாள், மறுபடி கைக்குட்டை, மறுபடி இருபத்து மூன்று மாதம். எனக்கு அது கண்முன்னே தெரிந்தது.

அவளால் ஓரடிக்குமேல் போக முடியவில்லை. அண்ணன் இடது கையால் அவள் பாவாடையைப் பிடித்திருந்தார்.

"விடுங்க," என்றாள். இழுத்தாள். "விடுங்கங்கறேன்ல. நான் போகணும்."

விடவில்லை. இருமிக்கொண்டே, காப்பி தாடையில் வழிய, விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். எடிலேனி அம்மாவுக்கு உதவப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அண்ணி மறுபடி ஒருமுறை இழுத்தாள். துணி கிழிகிற சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு இழுப்பதை நிறுத்தி, காப்பி நனைத்த அந்த விரிப்பின்மேலேயே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுடுங்க," என்றாள். இந்தத் தடவை நின்றுகொண்டு சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஆறு பேர் என்ன சொல்வார்களோ, அடுத்த மாதப் பந்திக்கு மாவு பிசைவது யாரோ, எனக்குத் தெரியாது. விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் அண்ணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பாவாடையை விடவே இல்லை.